இடக்கைத் தீர்ப்பு

சோறு பிசைந்த கையால் போனைத் தொட முடியாது. போனை வடிவமைத்தவர்கள் இதை யோசித்திருக்க நியாயமில்லை. கரண்டியும் முள்ளும் பிடிக்கிற ஊர்களில் இது ஒரு சங்கடமே இல்லை. நம் வீடுகளில் சாப்பாட்டுக்கு நடுவே ஒரு வாக்குவாதம் மூண்டால் வலது கை தட்டிலேயே நிற்கும், இடது கை துழாவிப் போய்ப் போனை எடுக்கும். ரேகை பதிந்திருப்பது வலது கட்டைவிரல். அது சாம்பாரில் கிடக்கிறது. எனவே கடவு எண்ணைத் தட்ட வேண்டும். இடது கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி முடிப்பதற்குள் எதிராளி இரண்டு வாய் அள்ளிப் போட்டிருப்பார். பொறுமை இல்லாதவர்கள் போனை வாயருகே கொண்டுபோய்க் கேள்வியைச் சொல்லிக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற வீட்டில் வேலை அதன் தலையில் விழும்: "நீதான் சாப்பிட்டுக் கை கழுவிட்டியே, பாத்துச் சொல்லு."

முன்பெல்லாம் ஒரு வாதம் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைக் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மோர்ச்சோறு முடிந்திருக்கும், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். விரலிடுக்கில் பருக்கை காய்ந்து தோலை இழுக்கும்வரை பேச்சு போகும். "கை காயுது, கழுவிட்டு வந்து பேசுங்களேன்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். கழுவப் போனவர் குழாயடியில் நின்றபடியே தன் கட்சியைக் கத்திக்கொண்டிருப்பார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, நெட் பேக்கை எண்ணி எண்ணிச் செலவழித்த காலம் முடிந்தபிறகு, பெரும்பாலான வழக்குகள் ரசத்துக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. ரசத்திலிருந்து மோர்வரை என்ன பேசுவது என்பது இப்போது ஒரு புதுப் பிரச்சினை.

அப்போது வீட்டில் தீராத வழக்குகள் வெளியே போனதும் உண்டு. சினிமா என்றால் தினத்தந்தி குருவியாருக்கு ஒரு தபால் அட்டை. பொது விஷயம் என்றால் குமுதம் அரசுவுக்கு. பதில் வரலாம், வராமலும் போகலாம். வருவதற்குள் எதிர்க்கட்சிக்காரர் விடுமுறை முடிந்து ஊருக்குப் போயிருப்பார். பாட்டு யார் எழுதியது என்ற சண்டைக்குப் பாட்டுப் புத்தகம் இருந்தது: தியேட்டர் வாசலில் விற்ற, கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்கிற, மட்டித்தாள் புத்தகம். அவற்றைச் சேர்த்துவைத்திருந்த ஆள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பிள்ளைகளை அனுப்பிக் கேட்டுவரச் சொல்வார்கள். பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை கொண்டுவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் நூலகத்தில் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எட்டாது.

சாப்பாட்டுச் சண்டையைத் தீர்க்கவென்றே ஒரு புத்தகம் பிறந்த கதையும் உண்டு. 1951 நவம்பரில் கின்னஸ் மதுபான நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவர் அயர்லாந்தில் வெக்ஸ்ஃபோர்டு பக்கம் வேட்டைக்குப் போயிருந்தார். உப்புக்கொத்தி இனத்துப் பறவை ஒன்று அவர் துப்பாக்கிக்குத் தப்பிவிட்டது. ஐரோப்பாவில் மிக வேகமாகப் பறக்கிற வேட்டைப் பறவை அதுதானா, இல்லை கிரவுஸ் என்கிற காட்டுக்கோழியா என்று பேச்சு எழுந்து, கையிலிருந்த புத்தகங்களில் விடை கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட சண்டை நாடெங்கும் மதுக்கடைகளில் தினமும் நடக்குமே என்று அவருக்குத் தோன்றியது. நாரிஸ், ராஸ் மக்விர்ட்டர் என்ற இரட்டையரைக் கொண்டு தகவல் திரட்டி, 1955 ஆகஸ்டில் முதல் பதிப்பு வந்தது. குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவனுக்கு, குடியை விற்றவனே தீர்ப்பையும் அச்சடித்துக் கொடுத்தான். அந்த வியாபார மூளையை மெச்சத்தான் வேண்டும். பிற்பாடு அந்தப் புத்தகம் நகம் வளர்ப்பவர்களும் பின்னோக்கி நடப்பவர்களும் இடம்பிடிக்கிற புத்தகமாகிவிட்டது. சண்டை தீர்க்க அதை எடுத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் நம் வீட்டு வழக்குகளில் பெரும்பாலானவை தபால் அட்டைவரைகூடப் போகவில்லை. சம்பாதிக்கிறவர் சொன்னார், முடிந்தது. எங்கள் பெரியப்பாவுக்குக் 'கற்பகம்' படத்துப் பாட்டுகள் என்றால் உயிர். அவை கண்ணதாசன் எழுதியவை என்று அடித்துச் சொல்லுவார். சொல்வதோடு நிற்காமல், கண்ணதாசனைத் தவிர வேறு எவனாலும் அப்படி எழுத முடியாது என்று விளக்கமும் தருவார். 1963இல் வந்த அந்தப் படத்தின் பாட்டுகளை எழுதியவர் வாலி. மறு வருஷம் வந்த 'படகோட்டி'யும் அவருடையதே. அக்காவுக்கு இது தெரியும். அவள் இலங்கை வானொலியின் மடியில் வளர்ந்தவள். அறிவிப்பாளர் சொல்கிற பெயர் ஒன்றையும் விடாமல் காதில் போட்டுக்கொள்வாள். ஒருநாள் சாப்பிடும்போது "வாலி பெரியப்பா" என்றாள். "உனக்கென்ன தெரியும், சோத்தைத் தின்னு" என்று பதில் வந்தது. அவள் தின்றாள்.

பல வருஷம் கழித்து, அதே வீட்டில், அதே பேச்சு வந்தபோது அக்காவின் மகள் போனைப் பார்த்துப் படித்தாள்: பாடல்கள் வாலி. பெரியப்பா கோபப்படவில்லை. "அப்படியா" என்று ரசத்தை ஊற்றச் சொன்னார். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்றாள் அக்கா. "நீ எப்பச் சொன்ன?" என்று அவர் கேட்டது நடிப்பு இல்லை. அவருக்கு நிஜமாகவே அது ஞாபகத்தில் இல்லை. பாட்டை யார் எழுதியது என்று போன் சொல்லிவிட்டது. அக்கா சொன்னாளா என்று அதனிடம் கேட்க முடியாது.

இருந்தாலும் இந்தப் பொருள் அன்றே வீட்டில் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். போன் வந்து பேச்சைக் கெடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் முன்பு யாரும் எதிர்த்துப் பேசாதவர்களாக இருக்கிறார்கள். பேச்சு நன்றாக இருந்தது அவர்களுக்கு. மருமகள்கள் வாயைத் திறக்காமல் பரிமாறிய பந்திகளின் உரையாடல் அழகைப் பற்றி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். போன் வயது பார்ப்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை, கட்டை விரலுக்குப் பன்னிரண்டு வயது என்றாலும் அதே பதிலைத்தான் தருகிறது. இந்த ஒரு நன்மைக்காக அதன் மற்றக் குறைகள் பலவற்றை நான் பொறுத்துக்கொள்ளத் தயார்.

எல்லாவற்றையும் அல்ல. எங்கள் அத்தையின் வயது விவகாரத்தைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடப் பதிவில் அத்தை பிறந்தது 1963 ஜூன் மாதம் முதல் தேதி. அந்தக் காலத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்தார்கள். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பு; தேதியைத் தலைமையாசிரியர் பார்த்துப் போட்டுக்கொள்வார். அத்தைக்கு நீளக் கை. அதனால் ஒரு வருஷம் முன்னதாகப் பிறந்து, ஒரு வருஷம் முன்னதாகவே ஓய்வும் பெற்றாள். "ஒரு வருஷச் சம்பளத்தைக் காதுல தொட்டு விட்டுட்டேன்" என்பாள். ஆனால் உண்மையில் எப்போது பிறந்தாள்? தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தின ஆடியில் என்பது அவள் கட்சி. புயலுக்குப் பிறகுதான் என்பது அப்பாவின் கட்சி. அப்பா அத்தைக்கு அண்ணன்; தான் பார்த்ததாகச் சொல்கிறார். அப்போது அவருக்கு ஏழு வயது.

புயல் எந்த வருஷம் என்பதிலேயே முதலில் தகராறு. போன் அதைத் தீர்த்தது: 1964 டிசம்பர் 22 இரவு, விடிவதற்குள் தனுஷ்கோடியே இல்லை, பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலுக்குள். குரோதி வருஷம், மார்கழி. சரி, ஒரு முளை அடித்தாயிற்று. அப்பா அடுத்த சாட்சியை இறக்கினார். "அம்மாவோட 'நவராத்திரி' படத்துக்குப் போனேன். அப்ப நீ பொறக்கவே இல்ல. அம்மா மாசமா இருந்தா, மூச்சு வாங்கிச்சு, பாதியில எந்திரிச்சு வெளியில போய் உக்காந்துச்சு." போன் சொன்னது: 'நவராத்திரி' வெளியானது 1964 நவம்பர் 3, தீபாவளி. ஆடி முடிந்து இரண்டரை மாதம். அப்படியானால் அப்பா சொல்வதுதான் சரி, அத்தை ஆடியில் பிறக்கவில்லை. மேஜையில் இருந்த சின்னவர்கள் எல்லாம் வழக்கு முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள்.

அத்தை மட்டும் எழவில்லை. "தீபாவளிக்கு மதுரையில வந்திருக்கும், மெட்ராஸ்ல வந்திருக்கும். நம்ம ஊர் டூரிங் கொட்டகைக்கு அது எப்ப வந்துச்சு?" என்றாள்.

இதுதான் கேள்வி. ஒரு படத்தின் பெட்டி முதலில் பெரிய நகரங்களில் ஓடித் தேய்ந்து, அப்புறம் சிறு நகரம், அப்புறம் கீற்றுக் கொட்டகை என்று இறங்கிவர மாதக்கணக்காகும். சில படங்களுக்கு வருஷமும் ஆகும். எங்கள் ஊரில் ஒரு படம் ஓடியதைத் தீபாவளித் தேதியை வைத்துக் கணக்குப் போட முடியாது. அப்படியென்றால் கொட்டகைக்குப் படம் வந்தபோது அப்பத்தா வயிற்றில் இருந்தது அத்தையே இல்லை, அடுத்த சித்தப்பா. அப்பா வாயைத் திறந்து மூடினார். கூட இன்னொன்றும் சொன்னாள் அத்தை: புயலன்று கைப்பிள்ளையோடு கோயில் மண்டபத்தில் போய் ஒதுங்கியதை அப்பத்தா வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கைப்பிள்ளை யார்?

போன் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு நேராகியிருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். புயலின் தேதி இல்லாமல் எங்கேயும் நிற்க முடியாது. ஆனால் அது கொடுத்த இரண்டாவது தேதி, சரியான தேதி, எங்களை நேராகத் தவறான முடிவுக்குக் கூட்டிப்போனது. கொட்டகையைத் தெரிந்த ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்ததால் தப்பித்தோம்.

அன்றிரவு இன்னொரு கிளையும் விட்டது. சிவாஜியின் நூறாவது படம் 'நவராத்திரி' என்றான் தம்பி, போனைப் பார்த்து. அதோடு முடிந்திருக்கும். மாமா முடிக்க விடவில்லை. அதே தீபாவளியன்று, அதே சிவாஜிக்கு, 'முரடன் முத்து'வும் வந்தது. இரண்டில் எது தொண்ணூற்றொன்பது, எது நூறு? 'முரடன் முத்து'வை எடுத்த பந்துலுவுக்குத் தன் படம் நூறாவதாக இருக்க வேண்டும் என்று ஆசை. அது நடக்கவில்லை, அந்த வருத்தத்தில்தான் அவர் எம்.ஜி.ஆர். பக்கம் போய் 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' எடுத்தார் என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். நூறு என்ற எண் ஒரு ஆளை இந்தக் கூடாரத்திலிருந்து அந்தக் கூடாரத்துக்கு நகர்த்தியிருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் ஒருவர் "நூறாவது படம் எது" என்று கேட்பதே இதையெல்லாம் சொல்வதற்கு ஒரு வாய்ப்பு கிடைக்கட்டும் என்றுதான். கேட்டவருக்கு விடை முன்பே தெரியும். இதைப் புரிந்துகொள்ளாத பிள்ளை போனை எடுத்து ஒரு நொடியில் பதிலைப் போட்டுவிட்டு, தான் உதவியதாக நினைத்துக்கொள்கிறது. பாவம்.

அடுப்படிக்கு வருகிறேன். தோசை நாளில் வாக்குவாதம் மேஜையில் நடக்கும், அம்மா கல்லருகே நிற்பாள். ஒவ்வொன்றாகச் சூடாக வர வேண்டும் என்பதால் அவள் கடைசிவரை உட்காரவே முடியாது. ஆனால் வழக்கு முற்றினால் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பித்தான் கத்துவோம்: "அம்மா, சின்னத்தை கல்யாணம் எந்த வருஷம்?" "அம்மா, அந்தப் பச்சைக் கலர் வீடு யாரோடது?" தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பதில் சொல்வாள். அதற்கு மேல்முறையீடு கிடையாது. சொத்தில் பங்கில்லாத, சம்பளம் இல்லாத, மேஜையில் இடம்கூட இல்லாத ஒருத்திக்கு அந்த வீட்டில் இருந்த அதிகாரம் அது ஒன்றுதான்.

நெடுநாள் சேர்ந்து வாழ்கிறவர்கள் ஞாபகத்தைப் பங்கு போட்டு வைத்துக்கொள்கிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1980களில் எழுதினார். எல்லாவற்றையும் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டியதில்லை, எது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். பிறகு 2011இல் பெட்ஸி ஸ்பேரோவும் ஜென்னி லியுவும் வெக்னரும் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாங்கள் தட்டச்சு செய்த தகவல் கணினியில் சேமிக்கப்படும் என்று நம்பியவர்களுக்கு அந்தத் தகவல் குறைவாகவே நினைவிருந்தது. எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பது அதைவிட நன்றாக நினைவிருந்தது. அதாவது வீட்டு ஆட்களோடு செய்துகொண்ட பங்கீட்டை இப்போது எந்திரத்தோடு செய்துகொள்கிறோம். (அந்தக் கட்டுரையில் இருந்த சோதனைகளில் ஒன்றை 2018இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை. சாப்பிடும்போது இந்த ஆய்வைச் சொல்லி ஜெயிக்கப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

எனக்கு உறுத்துவது மறதி அல்ல. கேள்வி போகிற திசை மாறிவிட்டது. அடுப்படிப் பக்கம் திரும்பிய முகங்கள் இப்போது குனிந்திருக்கின்றன. பச்சை வீட்டுக் கேள்விக்குப் போனில் பதில் இல்லைதான்; ஆனால் பதில் இருக்கிற நூறு கேள்விகளைப் போனிடம் கேட்டுப் பழகியபின், பதில் இல்லாத கேள்விகளை யாரும் கேட்பதும் குறைந்துவிட்டது. ஒரு வீட்டில் யாருடைய ஞாபகத்துக்கு மதிப்பு என்பது இப்படிப்பட்ட அற்பக் கேள்விகளில்தான் தினமும் முடிவாகிறது. பெரியப்பாவின் நாற்காலியைப் போன் பறித்துக்கொண்டது, சந்தோஷம். அதே கையோடு அம்மாவின் தோசைக்கல்லையும் தட்டிவிட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிற ஒன்றை நல்லது என்பதா, கெட்டது என்பதா? அம்மாவிடம் கேட்டால், "எனக்கும் ஒரு போன் வாங்கிக் குடுத்தீங்கள்ல, நான் அதுல கோலம் பாக்கிறேன்" என்று முடித்துவிடுகிறாள்.

போன் சொல்வதெல்லாம் வாலி, கண்ணதாசன் போலத் தெளிவான விஷயமும் அல்ல. சாம்பார் ஊற்றும்போதே சாம்பார் எங்கிருந்து வந்தது என்று யாராவது தொடங்குவார்கள். தஞ்சை மராத்திய மன்னர் சாஹுஜியின் அரண்மனையில், விருந்தாளியாக வந்த சம்பாஜிக்காகப் பருப்பில் புளி ஊற்றிச் செய்தது, அவர் பெயரே அதற்கு நிலைத்தது என்று போன் சொல்லும். அடுத்த பக்கத்தைத் திறந்தால் சமைத்தவரே சம்பாஜி. பத்துப் பக்கத்தில் படித்துவிட்டதால் பத்துச் சாட்சி என்று நினைக்கிறோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய ஒரே சாட்சி அது. நான் பார்த்த பக்கம் எதுவும் அந்தக் காலத்து ஆவணம் ஒன்றைக் காட்டவில்லை. இட்லி கதையும் இப்படித்தான். உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா, அது இந்தோனேசியத் தொடர்பில் வந்திருக்கலாம் என்று ஓர் அனுமானமாக வைத்தார். மேஜைக்கு வந்து சேரும்போது 'லாம்' உதிர்ந்துபோய், "இட்லி நம்மளது இல்லியாம்" என்று ஆகிவிடுகிறது. முன்பாவது நான்கு பக்கத்தைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். இப்போது போனே எல்லாவற்றையும் கலந்து ஒரே பத்தியாகத் தந்துவிடுகிறது. 2024 மே மாதத்தில் கூகுளின் அப்படிப்பட்ட பத்தி ஒன்று, பீட்சாவில் சீஸ் வழுக்காமலிருக்கப் பசை சேர்க்கச் சொன்னது. இணையத்தில் யாரோ பல வருஷத்துக்கு முன் கேலிக்கு எழுதியதை அது நம்பிவிட்டது. பெரியப்பாவாவது தவறாகச் சொல்லும்போது குரலை உயர்த்துவார், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னும் சில வழக்குகளில் போன் எல்லாச் சாட்சியங்களையும் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அப்பாவும் மாமாவும் சேர்ந்தால் சேப்பாக்கம் டெஸ்ட்தான். 1986 செப்டம்பர், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். டீன் ஜோன்ஸ் 210 அடித்தது, கபில் தேவ் 119, கடைசி நாளில் கவாஸ்கர் 90, ரவி சாஸ்திரி ஆட்டமிழக்காமல் 48; வெற்றிக்கு 348 தேவை, 347இல் எல்லோரும் அவுட். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது 'டை'. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்து, கிரெக் மாத்யூஸ் போட்டது, மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிவிட்டார். பந்து மட்டையில் பட்டது என்று மணிந்தர் சொல்லிவந்திருக்கிறார். விக்ரம்ராஜுவுக்கு அதற்குப்பின் ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை. இத்தனையும் போனில் இருக்கிறது. அந்தப் பந்தின் வீடியோகூட இருக்கிறது, புகைமூட்டம் போல.

போன வாரம் அதைத் தட்டுக்கு நடுவே சாய்த்துவைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அப்பாவுக்கு மட்டை தெரிந்தது. மாமாவுக்குக் கால் தெரிந்தது. நிறுத்திப் பார்த்தார்கள், பெரிதாக்கிப் பார்த்தார்கள். பெரிதாக்கினால் மட்டை, கால், பந்து மூன்றும் ஒன்றாகிவிட்டது. அப்பா கடைசி ஆயுதத்தை எடுத்தார்: "யோவ், நான் நேர்ல பாத்தவன்யா."

"நீங்க எங்க பாத்தீங்க மச்சான்? ரேடியோவுல கேட்டீங்க."

"ஸ்டேண்டுல உக்காந்து பாத்தேன்."

இரண்டு பேரும் போனைப் பார்க்கவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள்.

"செப்டம்பர்லதானே?" என்றாள் அம்மா, தோசையைத் திருப்பியபடி. "மஞ்சக்காமாலை வந்து வீட்டுல கெடந்தாரு. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தது நானு."

"அது எம்பத்தஞ்சு" என்றார் அப்பா.

"எம்பத்தஞ்சுல எனக்குக் கல்யாணமே ஆகலியே."